அரிய நோய்: சிகிச்சை ஆயுள் முழுவதும், நிதியுதவிக்கோ உச்சவரம்பு

புது தில்லி: அரிய நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் நிதியுதவிக்கு ரூ.50 லட்சம் என்ற உச்சவரம்பு உள்ளது. ஆனால், அவர்களில் பலர் ஆயுள் முழுவதும் சிகிச்சை பெற்றாக வேண்டும். உதவித்தொகை தீர்ந்த பிறகு மருந்துக்கு என்ன வழி என்ற கேள்வியுடன்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அன்றாடத்தைக் கடந்து வருகின்றன.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வெளியானது. அது நோய்களை மூன்று பிரிவுகளாக வகைப்படுத்தியது. ஒருமுறை சிகிச்சையால் குணமாகக் கூடியவை முதல் பிரிவு. நீண்டகால சிகிச்சை தேவைப்பட்டாலும் ஒப்பீட்டளவில் செலவு குறைந்தவை இரண்டாம் பிரிவு. சிகிச்சை இருந்தும் மிக அதிகச் செலவுடன் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை மூன்றாம் பிரிவு.

தொடக்கத்தில் முதல் பிரிவினருக்கு மட்டும் ரூ.20 லட்சம் வரை உதவி அறிவிக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் இது ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டு, மூன்று பிரிவினருக்கும் விரிவாக்கப்பட்டது. தில்லி எய்ம்ஸ், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளிட்ட சிறப்பு மையங்கள் வாயிலாக உதவி வழங்கப்படுகிறது. ஒருமுறை சிகிச்சைக்குப் பொருந்தும் இந்த உச்சவரம்பு, மூன்றாம் பிரிவினருக்குப் பொருந்தாமல் போவதே சிக்கலின் மையம்.

எடை கூடினால் செலவும் கூடும்

மூன்றாம் பிரிவில் இடம்பெற்றுள்ள காச்சர் நோய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் நொதி உடலில் போதிய அளவு சுரக்காததால் உண்டாகும் மரபணு நோய் இது. சிதையாத கொழுப்பு தேங்கி மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன. ரத்தசோகை, எலும்பு வலி, களைப்பு ஆகியவை நோயாளியை வாட்டுகின்றன.

குறைபடும் நொதியை ஊசி வழியே செலுத்தும் சிகிச்சை 1990-களிலிருந்து உலக அளவில் நடைமுறையில் உள்ளது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஓரிரு மணி நேரம் மருந்து ஏற்ற வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் பாதுகாக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் குடும்பத்துக்கு, ஒவ்வொரு முறையும் பெற்றோரில் ஒருவருக்கு ஒரு நாள் ஊதிய இழப்பு, குழந்தைக்கு ஒரு நாள் பள்ளி இழப்பு.

சிகிச்சை தடைபடாத வரை மண்ணீரல் வீக்கம் தணிந்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீராகிறது. மருந்து நின்றால் நோயின் அறிகுறிகள் திரும்புகின்றன.

மருந்தின் அளவு உடல் எடையைப் பொருத்தது. வழக்கமான அளவுகளில் ஒன்றான கிலோவுக்கு 60 யூனிட் என்று கொண்டால், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் 1,200 யூனிட் தேவை. இது 400 யூனிட் கொண்ட 3 குப்பிகளுக்குச் சமம். ஆண்டுக்கு 26 முறை என்றால் 78 குப்பிகள். அதே குழந்தை 40 கிலோவாக வளரும்போது 156 குப்பிகள் தேவைப்படும். குழந்தை நலமாக வளர வளர உதவித்தொகை விரைவாகக் கரைகிறது.

இதை அரசின் கொள்கை ஆவணமே ஒப்புக்கொள்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களின் ஆண்டு சிகிச்சைச் செலவு ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடிக்கு மேல் வரை ஆகலாம் என்றும், வயதும் எடையும் கூடும்போது செலவும் உயரும் என்றும் அது குறிப்பிடுகிறது.

நீதிமன்றங்களில் வழக்கு

உச்சவரம்பு குறித்த சர்ச்சை நீதிமன்றங்களையும் எட்டியது. அரிய நோய்களுக்கெனத் தேசிய நிதியம் அமைத்து, 2024-25, 2025-26 நிதியாண்டுகளுக்கு ரூ.974 கோடி ஒதுக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டது. ரூ.50 லட்சம் வரம்பில் நெகிழ்வு தேவை என்றும் அது வலியுறுத்தியது.

முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு வரம்பைத் தாண்டி மேலும் ரூ.18 லட்சம் வரை மருந்து வழங்குமாறு கேரள உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்கோ, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அரசுத் தரப்பின் கவலையையும் புறந்தள்ள முடியாது. ஒரு நோயாளிக்குச் செலவாகும் தொகையில், எளிதில் குணமாகும் நோயுள்ள பலருக்குச் சிகிச்சை அளிக்க இயலும். வரம்பை முற்றிலும் நீக்கினால், ஏகபோக நிறுவனங்கள் நிர்ணயிக்கும் விலைக்கெல்லாம் பொதுப்பணம் செல்லும் அபாயமும் உண்டு.

விலை குறைந்தால்

எனவே, தொகையை உயர்த்துவது போலவே விலையைக் குறைப்பதும் முக்கியமாகிறது. காச்சர் நோயுள்ள பெரியவர்களில் மரபணுப் பரிசோதனைப்படி தகுதி பெறுவோருக்கு, வாய்வழி உட்கொள்ளும் எலிகுளுஸ்டாட் மருந்து தரப்படுகிறது. உள்நாட்டுத் தயாரிப்பால் இதன் ஆண்டுச் செலவு ரூ.1.8 கோடி - ரூ.3.6 கோடியிலிருந்து ரூ.3 லட்சம் - ரூ.6 லட்சமாகக் குறையும் என்று 2023 நவம்பரில் மத்திய அரசு தெரிவித்தது.

பழைய விலையில் ரூ.50 லட்சம் நான்கு மாதங்களுக்குக்கூடப் போதாது. புதிய விலையில் அதே தொகை குறைந்தது எட்டு ஆண்டுகளுக்குத் தாங்கும்.

தசைச் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்லாம் மருந்தும் இவ்வாறே. ஒரு குப்பி சுமார் ரூ.6 லட்சத்துக்கு விற்ற நிலையில், காப்புரிமை வழக்குக்குப் பிறகு 2025 அக்டோபரில் உள்நாட்டுத் தயாரிப்பு ரூ.15,900 விலையில் சந்தைக்கு வந்தது.

எனினும், ஊசி வழி நொதி சிகிச்சையை நம்பியுள்ள குழந்தைகளுக்கு இத்தகைய விலைக் குறைப்பு இன்னும் எட்டவில்லை. தனிநபர் இறக்குமதிக்கு 2023 ஏப்ரல் முதல் அளிக்கப்பட்டுள்ள சுங்க வரி விலக்கு சுமையைச் சற்றே குறைத்தாலும், அடிப்படை விலை அப்படியே நிற்கிறது.

அவர்களுக்கான உதவியை ஒரே தொகையாக வரையறுக்காமல், ஆண்டுதோறும் எடைக்கேற்பக் கணக்கிடுவதும், அனைத்து மையங்களுக்கும் சேர்த்து மொத்தக் கொள்முதல் வாயிலாக விலை பேசுவதும் அரசின் முன்னுள்ள வழிகள். அதுவரை, வரம்பை நெருங்கும் ஒவ்வொரு குடும்பமும் எஞ்சியுள்ள தொகை எத்தனை ஊசிகளுக்கு வரும் என்று எண்ணிக்கொண்டிருக்க நேரிடும்.