மனைப்பிரிவுக்குத் திணை இல்லையா?

பெருமுக்கல் மலையடியில் மனை வாங்கிப் புதிதாகக் குடியேறியவர்களின் வீட்டு வாழ்வை எழுதினால், 'இது இலக்கியமா, சமையற்குறிப்பா?' என்கிறார்கள் விமர்சக நண்பர்கள். வேரற்றவர்க்குத் திணை ஏது என்பது அவர்கள் வாதம்.

திண்டிவனத்தை உள்ளடக்கிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதன் 269 அடிகளுக்குள் வழிநடைப் பாணனுக்கு எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. ஆமூரில் குத்தலரிசிச் சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கின்றன. அயலான் நிலத்தை அறிவது அடுப்படியில்தான்.

ஐப்பசி மழையில் நிரம்பிய ஏரியைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தந்தையும், பங்குனியில் பக்கத்து வீட்டார் தந்த புதுப்புளியைக் கொட்டை நீக்கி உருட்டி வைக்கும் தாயும் அப்பாணனின் வழியில்தான் நடக்கிறார்கள். இதை அற்பம் என்போர், முதலில் பத்துப்பாட்டை ஒன்பதாக்கிவிட்டு வரட்டும்.