குதிரில் கிடந்த கோதுமை

போர் நடக்கும் நாட்டில் மக்கள் பட்டினியால் வாடுகிறார்கள் என்று செய்தி வந்ததும் நம் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம், "அங்கே உணவு இல்லை, உணவு அனுப்ப வேண்டும்" என்பதாகும். நல்ல எண்ணந்தான். ஆனால் அது பாதி உண்மையே. உணவு வந்து சேர்ந்தும் உண்ண முடியாத நிலை உண்டு. கப்பல் நிறையக் கோதுமை வந்திருக்கும். இறக்கப் பொறி இராது. இறக்கினால் வைக்க இடம் இராது. வைத்ததை எடுத்துச் செல்ல அனுமதி இராது. ஏமன் நாட்டில் நடந்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும்.

ஏமன் தனக்கு வேண்டிய கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கை வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நாடு. அதில் பெரும்பகுதி வந்து இறங்கும் வாசல், செங்கடற் கரையிலுள்ள ஹொடைடா துறைமுகம். 2015 மார்ச்சில் சவூதி அரேபியாவின் தலைமையில் ஒரு கூட்டுப்படை ஹூதிகளுக்கு எதிராகப் போரில் இறங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் விமானத் தாக்குதலால் ஹொடைடாவின் பாரந்தூக்கிகள் சிதைந்தன. வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் வாசலில் நின்று சுமை இறக்கும் கை முறிந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த உலக உணவுத் திட்டம், அமெரிக்கா தந்த பணத்தில் நான்கு நடமாடும் பாரந்தூக்கிகளை வாங்கிற்று. 2017 ஜனவரியில் அவற்றைக் கொண்டுவந்த கப்பலைக் கூட்டுப்படையினர் உள்ளே விடவில்லை. வந்த கப்பல் சரக்கோடு திரும்பிப் போயிற்று. அவை ஹொடைடாவில் கரையேறியது 2018 ஜனவரியில். ஓர் ஆண்டு! அந்த ஓர் ஆண்டில் உலகத்தார் உணவுக்கென்று பணம் கொடுக்காமல் இல்லை. தடைப்பட்டது நான்கு இரும்புப் பொறிகள்தாம்.

இதனினும் நெஞ்சைச் சுடுவது செங்கடல் மாவு ஆலையின் கதை. ஹொடைடா நகரின் ஓரத்தில் உள்ள அந்த ஆலையின் குதிர்களில் உலக உணவுத் திட்டம் 51,000 டன் கோதுமையைச் சேமித்து வைத்திருந்தது. 37 லட்சம் மக்களுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான தானியம் அது. 2018 செப்டம்பரில் போர்முனை அந்த ஆலையை நெருங்கிற்று. அதன்பின் அங்கே எவரும் போக முடியவில்லை. 2019 ஜனவரியில் குண்டு விழுந்து இரண்டு குதிர்களில் தீப்பற்றிற்று. பிப்ரவரி இறுதியில்தான் அலுவலர்கள் உள்ளே நுழைய முடிந்தது. கோதுமையில் பூச்சி விழுந்திருந்தது. மருந்துப் புகையிட்டுப் பூச்சியைக் கொன்ற பிறகே அரைக்க வேண்டும் என்ற நிலை. இடைப்பட்ட மாதங்களில், அதே நாட்டில், எலும்பும் தோலுமாய்க் கிடந்த குழந்தைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்துகொண்டிருந்தன.

51,000 டன் என்றால் என்ன? ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மூட்டைகள். இருபது டன் ஏற்றும் லாரியில் ஏற்றினால் இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் ஓட்டுநர் வேண்டும், எண்ணெய் வேண்டும், வழியிலுள்ள சாவடிகளில் காட்டச் சீட்டு வேண்டும். போய்ச் சேருமிடத்தில் ஒழுகாத கூரை வேண்டும். மூட்டைகளைத் தரையில் படாமல் மரத்தட்டின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். முன்னே வந்ததை முன்னே அனுப்ப வேண்டும். வரவு செலவை அட்டையில் அன்றன்றே எழுத வேண்டும். இவற்றில் வீரமும் இல்லை, கவர்ச்சியும் இல்லை. நம் ஊர் மண்டிக் கணக்குப்பிள்ளை செய்யும் வேலைதான். அந்த வேலையைக் குண்டு விழும் ஊரில் செய்ய வேண்டும் என்பதே வேறுபாடு.

அதையும் ஆளுக்கொரு பக்கம் செய்தால் குழப்பமே மிஞ்சும். ஒரு சங்கம் மருந்து கொண்டுவரும், இன்னொன்று கூடாரம், மற்றொன்று குழந்தை உணவு. ஒவ்வொன்றும் தனக்கெனக் கிடங்கும் லாரியும் தேடினால் வாடகை ஏறும். ஒருவன் லாரி பாதி காலியாய்ப் போக, மற்றவன் சரக்கு துறைமுகத்தில் கிடக்கும். இதை ஒழுங்குபடுத்தவே 2005-இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஓர் ஏற்பாடு உருவாயிற்று. போக்குவரத்துக்கும் சேமிப்புக்கும் உலக உணவுத் திட்டம் பொறுப்பேற்று, எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான கிடங்கையும் கப்பலையும் அமைத்துத் தரும். ஏமனுக்கு அக்கரையில், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஜிபூட்டியிலிருந்து ஏடனுக்கும் ஹொடைடாவுக்கும் இவ்வாறு பொதுச் சரக்குகள் சென்றன. எந்த லாரி, எந்த நாள், எந்த வழி என்று கூட்டுப்படைக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருந்தது. இல்லையேல் வானிலிருந்து குண்டு விழக்கூடிய நிலை. மறுபக்கம் ஹூதிகளின் அனுமதியும் வேண்டியிருந்தது. இரு பகைவரிடமும் கையொப்பம் வாங்கிய பின்னரே ஒரு மூட்டை நகர்ந்தது!

வண்டியையும் படகையும் தடுத்தால் பஞ்சம் பெருகும் என்பது நம் நாட்டுக்கும் புதிதன்று. 1942-இல், ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று பிரிட்டிஷ் ஆட்சி வங்காளக் கரையோரத்துப் படகுகளைப் பறித்தது. மறு ஆண்டு வங்கம் பட்ட பாட்டுக்கு அது ஒன்றே காரணமன்று. ஆயினும் ஆறுகளே சாலையாய் இருந்த நாட்டில் படகு போனபின் நெல் எப்படிப் போகும்?

இங்கேதான் என் வழக்கு. "நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் நேரே ஏழையின் வாய்க்கே போகும், நிர்வாகச் செலவுக்குப் போகாது" என்று விளம்பரம் செய்யும் அறநிலையங்களை நாம் மெச்சுகிறோம். கிடங்கு வாடகையும் லாரி எண்ணெயும் வீண்செலவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாய்ப் பதிந்துவிட்டது. சோற்றுக்குப் பணம் கொடுத்தால் புண்ணியம், சோற்றைச் சுமந்து செல்லக் கொடுத்தால் அது கணக்கில் வராது என்பது என்ன நியாயம்? பாரந்தூக்கி இல்லாத துறைமுகத்துக்கு மேலும் ஒரு கப்பல் கோதுமை அனுப்புவது ஈகையன்று. கப்பல் வரிசையை நீட்டுவதே ஆகும்.

"அனுப்புவதைப் போர்வீரர்களே தின்றுவிடுகிறார்களே" என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 2018 இறுதியில், சனா நகரில் பசித்தோருக்குரிய உணவு வேறு கைகளுக்குப் போகிறது என்று உலக உணவுத் திட்டமே வெளிப்படையாய்க் குற்றஞ்சாட்டிற்று. 2019 ஜூனில் அங்கே விநியோகத்தில் ஒரு பகுதியை நிறுத்திற்று. ஆகஸ்டில் உடன்பாடு கண்டு மீண்டும் தொடங்கிற்று. நிறுத்தியது கொடுமை என்பாரும் உளர். நான் அதைச் சரி என்றே கருதுகிறேன். ஆனால் திருட்டைக் கண்டுபிடித்தது எது? யாருக்கு எத்தனை மூட்டை என்ற பதிவேடும், அதைச் சரிபார்க்கப் போன ஆட்களும்! அவையும் அந்த "நிர்வாகச் செலவில்" அடங்கியவையே. கணக்குப்பிள்ளையை நீக்கிவிட்டுத் திருட்டைப் பற்றிப் புலம்புவதில் பொருள் இல்லை.

2024 ஜூலையில் இஸ்ரேலிய விமானங்கள் ஹொடைடாவைத் தாக்கியபோது எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன, பாரந்தூக்கிகளும் சேதமுற்றன. பழைய கதை மீண்டும் முதலிலிருந்து.

நம்மைப் போன்ற மாணவர் சங்கங்கள் எங்கேனும் துயரம் என்றால் உடனே விடுதி விடுதியாய்ச் சென்று பழந்துணி திரட்டுகின்றன. சேர்ந்த மூட்டைகளைப் பிரிக்க ஆளில்லை, அனுப்பக் கூலியில்லை. போய்ச் சேர்ந்தாலும் மருந்து வைக்க வேண்டிய இடத்தை அவை அடைத்துக்கொள்ளும். அடுத்த முறை துணியை விட்டுவிட்டுப் பணமாகவே திரட்டுவோம். உண்டியலின் மேல் "உணவுக்காக" என்று மட்டும் எழுதாமல், "கிடங்கு வாடகைக்கும் லாரிக் கூலிக்கும்" என்றும் எழுதி ஒட்டுவோம். பணம் குறைவாகச் சேரலாம். ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்குச் செங்கடல் மாவு ஆலையைப் பற்றிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.