விடுமுறை வந்தால் விலை ஏறும் பூங்கா

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது டிஸ்னிலாந்து. கார்ட்டூன் படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி அமைத்த பூங்கா அது. 1955-ம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது.

2016-ம் ஆண்டு முதல் அங்கே எல்லா நாளும் ஒரே விலை இல்லை. கூட்டம் குறைந்த நாளில் மலிவு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதிகம். 2024 அக்டோபரில் அறிவித்தபடி, ஒரு நாள் டிக்கெட் அப்போது குறைந்தது 104 டாலராக இருந்தது. அதிகபட்சம் 206 டாலராக இருந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

கூட்டத்தைப் பல நாட்களுக்குப் பரப்பவே இந்த ஏற்பாடு என்கிறது நிர்வாகம். அதில் நியாயம் உண்டு. வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.

ஆனால் பிள்ளைகள் உள்ள குடும்பம் என்ன செய்யும்? விலை குறைந்த நாளில் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் விலை உச்சம். விடுமுறையைத் தள்ளிவைக்கப் பெற்றோரால் முடியுமா? கூடுதல் பணம் அவர்கள் தலையில்தான் விழுகிறது!