ஹீரோவுக்கு அடி சொல்லிக் கொடுத்தவர்!

‘பத்ரி’ படத்தை எத்தனை தடவை டி.வி.யில் போட்டாலும் நம்ம ஹாஸ்டல் பசங்களுக்குச் சலிக்காது. 2001-ல் வந்த படம். ஊர் சுத்திக்கிட்டு இருக்கிற விஜய், அடிபட்டுக் கிடக்கும் அண்ணனுக்காக கிக் பாக்ஸிங் ரிங்குக்குள் இறங்குவார். விசில் மொத்தமும் விஜய்க்குத்தான். ஆனா, அவரைப் பெண்டு நிமிர்த்துகிற அந்த மாஸ்டர் யாருன்னு கேட்டா, ‘அட, கராத்தே ஹுசைனிப்பா!’ என்று ஒரே வரியில் முடிச்சிடுவாங்க. இந்த வாரம் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போமா பாஸ்?

ஷிஹான் ஹுசைனி மதுரைக்காரர். அவர் பிறந்த காலத்தில் தேனி, போடி, கம்பம் எல்லாமே மதுரை மாவட்டம்தான் என்பதால், உரிமையோடு நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லிக்கலாம். ‘ஷிஹான்’ என்பது பேர் இல்லை, பட்டம். கராத்தேயில் மூத்த ஆசானுக்கு ஜப்பான்காரர்கள் கொடுக்கிற மரியாதை.

கே.பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ (1986) மூலம் சினிமாவுக்கு வந்தார். அடுத்த வருஷமே ரஜினியின் ‘வேலைக்காரன்’. 1988-ல் ரஜினி நடித்த ஆங்கிலப் படமான ‘பிளட்ஸ்டோன்’. ஆரம்பமே கமல், ரஜினி என்றால் எங்கேயோ போயிருக்கணும் இல்லையா? போகலை. அங்கங்கே சின்னச் சின்ன வேஷங்கள். 2022-ல் ‘காத்துவாக்குல ரெண்டு காதல்’ வரைக்கும் அப்படியேதான்.

ஏன்? சினிமா சண்டை வேற, நிஜ சண்டை வேற மக்கா! கராத்தே குத்து சின்னது, வேகமானது. கண் சிமிட்டுவதற்குள் முடிஞ்சிடும். கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. சினிமாவுக்குக் கையை அகலமா வீசணும், எதிராளியின் முகத்துக்குச் சில அங்குலம் முன்னாடி விடணும், அவர் பறந்து போய் விழணும், ‘டிஷ்யூம்’ அப்புறம் சேர்த்துக்கலாம். புரூஸ் லீ மாதிரி ஒருத்தர்தான் நிஜ வேகத்தையே ஸ்டைலாக்கி ஹீரோ ஆனார். அவரும் 1973-ல், ‘என்டர் த டிராகன்’ ரிலீஸுக்கு முன்னாடியே, 32 வயசில் போயிட்டார். நம்ம தமிழ் சினிமாவில் அடிக்கத் தெரிந்தவர், ஹீரோவுக்குப் பக்கத்தில் நிற்பவராகவே இருந்துவிட்டார்.

ஆனா, பக்கத்தில் நிற்பது சின்ன விஷயமா? பாரதிராஜாவை அல்லிநகரமும் இளையராஜாவைப் பண்ணைப்புரமும் கொடுத்த மாவட்டம் இது. திரைக்குப் பின்னால் இருப்பவர்களின் அருமை நமக்குத் தெரியாதா என்ன?

தெலுங்கில் பவன் கல்யாண், ஹுசைனியிடம் சென்னையில் கராத்தே கற்றவர். முதலில் ‘இப்போ யாருக்கும் கத்துக்கொடுக்கிறதில்லை’ என்று ஹுசைனி மறுத்துவிட, விடாமல் கேட்டுத்தான் சேர்ந்தாராம். அந்தப் பயிற்சிதான் ‘தம்முடு’ (1999) படத்தில் தனக்குக் கைகொடுத்தது என்று பவனே சொல்லியிருக்கிறார். அந்தத் தம்முடுவின் தமிழ் ரீமேக்தான் பத்ரி! அங்கே ஹீரோவுக்கு நிஜ வாழ்க்கையில் மாஸ்டர், இங்கே ஹீரோவுக்குத் திரையில் மாஸ்டர். இது எப்படி இருக்கு?

கராத்தேயோடு நிற்கவில்லை மனுஷன். தமிழ்நாட்டில் வில்வித்தைக்குச் சங்கம் வைத்து, பிள்ளைகளை அம்பு விடப் பழக்கினார். நம்ம கம்பம் தோட்டக்காரங்களுக்குக் ‘கவாத்து’ என்றால் திராட்சைக் கொடியை வெட்டி விடுவது. போலீஸ்காரங்களுக்குக் கவாத்து என்றால் டிரில். ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுது. காலா காலத்தில் வெட்டி விட்டால்தான் காய்க்கும். அந்தக் கவாத்தைப் பிள்ளைகளுக்குச் செய்தவர் அவர்.

இதே மனுஷனுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜெயலலிதா மீது வைத்த பக்தியில், உறைய வைத்த ரத்தத்தால் 2013-ல் அவருக்குச் சிலை செய்தார். அதில் மாணவர்களின் ரத்தமும் உண்டு. 2015 பிப்ரவரியில், அவர் மறுபடி முதல்வராக வேண்டும் என்று தன்னையே சிலுவையில் ஆணியால் அறைந்துகொண்டார். கேமராக்கள் குவிந்தன. வலி தாங்கும் சக்தி பயிற்சியில் வந்ததுதான், ஒத்துக்கிறேன். ஆனா, உடம்பைக் காப்பாத்தக் கத்துக்கிற கலைக்குப் பேரே தற்காப்பு! அதைக் கத்துக்கொடுத்தவர் தன் உடம்பிலேயே ஆணி அடிக்கலாமா? மாஸ்டர் கேட்டால் மாணவன் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவர்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த ரெண்டு கேள்வியையும் முழுங்கிட்டுப் போக முடியலை.

காலம் வேற மாதிரி பதில் சொன்னது. அவருக்கு ரத்தப் புற்றுநோய். ரத்தத்தில் சிலை செய்தவர், மத்தவங்க கொடுத்த ரத்தத்தை ஏத்திக்கிட்டுத்தான் கடைசி நாட்களை ஓட்டினார். படுக்கையில் இருந்து பேசிய வீடியோக்களில் அழுகை இல்லை. வில்வித்தை பத்தியே பேசினார். தன் உடலை மருத்துவ ஆராய்ச்சிக்குத் தானம் செய்வதாக அறிவித்தார். 2025 மார்ச் 25-ல், 60 வயசில் கண்ணை மூடினார்.

ஸோ, அவர்கிட்ட இருந்து எதை எடுத்துக்கப் போறோம்? சிலுவையை எடுத்துக்க வேணாம். ‘கத்துக்கொடு’ என்று வந்தவனுக்குக் கத்துக்கொடுத்ததை எடுத்துக்குவோம். நமக்குத் தெரிஞ்சது கராத்தேவா இருக்கட்டும், சிலம்பமா இருக்கட்டும், ஜூனியருக்கு எம்-3 பேப்பரா இருக்கட்டும்... பக்கத்தில் நின்னு சொல்லிக்கொடுக்க ஹீரோவா இருக்கணும்னு அவசியமில்லை.

அப்புறம் ரத்தம். நமக்கு 18 முடிஞ்சாச்சு. 45 கிலோவுக்கு மேல் எடையும், போதுமான ஹீமோகுளோபினும் இருந்து, டாக்டரும் ஓகே சொன்னால் கொடுக்கலாம். பசங்க மூணு மாசத்துக்கு ஒருதரம், பொண்ணுங்க நாலு மாசத்துக்கு ஒருதரம். க.விலக்கில் நம்ம தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. அடுத்த என்.எஸ்.எஸ். முகாமில், ஓ.டி. கிடைக்குமேன்னு எட்டிப் பார்க்காம, சட்டைக் கையை மடக்கிவிட்டுப் படுங்க.

சிலை செய்ய இல்லை பாஸ்... எங்கேயோ ஒருத்தர் எழுந்து நிற்க!