எடை குறையலாம்... பிடி குறையக் கூடாது!

2021 மே மாதம், மொனாக்கோ கிராண்ட் ப்ரீ. இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்த வால்ட்டேரி போட்டாஸ், டயர் மாற்றுவதற்காக பிட்டுக்குள் வந்தார். முன்பக்க வலது சக்கரத்தின் நட்டில் கன் நேராக உட்காரவில்லை. நட்டின் பிடிப்பு முனைகள் மழுங்கிவிட்டன. சக்கரம் கழலவே இல்லை. போட்டாஸின் பந்தயம் அத்துடன் முடிந்தது. அந்தச் சக்கரத்தைக் கழற்ற, காரை இங்கிலாந்தில் உள்ள மெர்சிடிஸ் தொழிற்சாலைக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது.

எஃப்-1 காரில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட். நாம் ஓட்டும் கார்களில் நான்கோ, ஐந்தோ. அலாய் வீல் மாட்டியதும் பலருக்கு அடுத்த ஆசை, சிவப்பிலும் நீலத்திலும் மின்னும் லைட் வெயிட் நட்டுகள். 'எடை குறைந்தால் பிக்கப் கூடும்' என்று கடையில் சொல்வார்கள். எவ்வளவு கூடும்?

ஸ்டீல் நட் ஒன்று சுமார் 50 கிராம் இருக்கும். அலுமினிய நட் ஏறக்குறைய அதில் பாதி. நான்கு சக்கரங்களுக்கு 16 நட் என்றால், மொத்தம் 400 கிராம்தான் மிச்சம். சீட்டில் கிடக்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இறக்கிவைத்தாலே அதற்குமேல் குறைந்துவிடும்.

'சுற்றுகிற எடை ஆயிற்றே, அதன் பலன் அதிகமல்லவா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தப் பலன் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. அதுவும் தூரத்தின் வர்க்கத்தில். சிறிய கார்களில் நட்டுகள் சக்கரத்தின் மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி இருக்கின்றன. டயரின் வெளிவிளிம்போ சுமார் 300 மி.மீ. தள்ளி இருக்கிறது. அதாவது ஆறு மடங்கு. டயர் விளிம்பில் ஒரு கிராம் குறைத்தால் சுழற்சியில் கிடைக்கும் பலனைப் பெற, நட்டில் 36 கிராம் குறைக்க வேண்டும். செலவழிக்கும் பணத்தை எடை குறைந்த வீலிலோ, நல்ல டயரிலோ போடுவதுதான் லாபம்.

நட்டின் வேலை காரின் எடையைச் சுமப்பது அல்ல. அதை முறுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த ஸ்டட், சக்கரத்தை ஹப்போடு இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால், சக்கரம் ஆடத் தொடங்கி ஸ்டட்டே முறியலாம்.

அலுமினிய மரை மென்மையானது. பலமுறை கழற்றி மாட்டினால் தேயும். பிரேக் சூடு ஏற ஏற வலு குறையும். இம்பாக்ட் கன் பட்டால் கெடும். டைட்டானியம் வலுவானது. ஆனால், விலை எகிறும். ஸ்டட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. தினமும் ரோட்டில் ஓடும் காருக்கு நல்ல ஸ்டீல் நட்டே போதும். எடை குறைந்தே ஆக வேண்டும் என்றால், தரமான ஃபோர்ஜ்டு நட்டாக வாங்கி, கையால் மட்டுமே முடுக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மரை. மாருதி சுஸூகி கார்களில் பொதுவாக 12 மி.மீ. ஸ்டட், 1.25 பிட்ச். ஹூண்டாயில் 1.5 பிட்ச். மாற்றி மாட்டினால் ஓரிரண்டு சுற்று ஏறும். அதற்குமேல் வம்படியாக முடுக்கினால் மரை கழன்ற கதைதான். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் நட்டே கிடையாது, போல்ட்தான்.

இரண்டாவது, நட் உட்காரும் இடம். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டாவின் கம்பெனி வீல்களில் உருண்டை வடிவம். வடிவம் பொருந்தாவிட்டால், எவ்வளவு முறுக்கினாலும் பிடி நிற்காது.

மூன்றாவது, நீளம். 12 மி.மீ. ஸ்டட் என்றால், நட்டுக்குள் குறைந்தது 12 மி.மீ. மரை ஏற வேண்டும். 1.5 பிட்ச்சில் அது எட்டுச் சுற்று. கையால் எண்ணிப் பார்த்துவிடலாம்.

பிறகு, காருடன் வந்த கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சை வைத்து, எதிரெதிர் நட்டாக முடுக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நட்டின் நிறம் அடுத்தவர் கண்ணுக்கு. அதன் பிடி, காருக்குள் இருப்பவர்களின் உயிருக்கு!