பட்டுக் கம்பளமும் நான் வாங்கிய திட்டும்

2008ல் மாமனாரும் மாமியாரும் காஷ்மீர் டூர் போனபோது ஸ்ரீநகரில் ஒரு கடையில் ஆறடிக்கு நாலடி 'பட்டுக் கம்பளம்' வாங்கி வந்தார்கள். மறு வருஷமே என் பையன் அதன்மேல் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டான். வெறும் தண்ணீர்தானே என்று துணியால் அழுத்தித் தேய்த்துத் துடைத்தேன். காய்ந்ததும் அந்த இடம் பழுப்பேறி, விறைத்துப் போய்விட்டது. "பட்டின் அருமை தெரியாதவள்" என்ற பேச்சை எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்!

சமீபத்தில் வீடு மாற்றும்போது சந்தேகம் வந்து, ஓரத்தில் நாலு இழை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். காகிதம் எரிகிற வாசனை. சாம்பல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பட்டே இல்லை, ரேயான்! ரேயானுக்கு ஈரம் பட்டால் பலம் போய்விடும். பட்டோ, கம்பளியோ எரிந்தால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். கரியும் மணி மாதிரி திரண்டு, நசுக்கினால் நொறுங்கும். ஒன்று, குஞ்சத்து நூலை எரித்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அது பெரும்பாலும் பருத்திதான். மேலே நிற்கும் இழையில் எடுக்க வேண்டும்.

பட்டா, கம்பளியா என்று பார்க்க நெருப்பே வேண்டாம். கம்பளி மினுக்காது, அமுக்கினால் எழும்பும். பட்டு ஒரு பக்கமிருந்து வெளுப்பாகவும், எதிர்ப்பக்கமிருந்து அழுத்தமான நிறமாகவும் தெரியும். ரேயானும் இப்படித்தான் மினுக்கும், அதில்தான் ஏமாறுகிறோம்.

எதுவானாலும் கொட்டியதை வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சோப்புத்தூள், சோடா, பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். பட்டையும் கம்பளியையும் காரம் அரித்துவிடும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் சுருட்டுங்கள்.

புடவைக்கு சில்க் மார்க் முத்திரை கேட்கிற நாம், கம்பளத்துக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்? மேல் இழை என்ன, அடி நூல் என்ன என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கம்பளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "கடைக்காரன் உட்கார வச்சு டீ எல்லாம் கொடுத்தானேடி" என்றார்.

- ஒரு வாசகி, திருச்சி.