அசலும் வட்டியும்

"மன்னிச்சிட்டேன்னு சொன்னியே, அப்புறம் எதுக்கு அதையே பேசறே?" "மன்னிச்சிட்டேன்தான். ஆனா, மறக்க முடியுமா?"

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. அந்த "ஆனா"வைப் பற்றித்தான் இந்தத் தடவை கொஞ்சம் பேசலாமென்று இருக்கிறேன். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன். ராஜா மனமிரங்கி, கடன் முழுவதையும் தள்ளிவிடுகிறார். வெளியே வந்த அவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியனைக் கண்டதும் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான். பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த நூறு வெள்ளிப்பணத்தை "ஏதோ அற்பக் காசு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் என்பது ஒரு நாள் கூலி. அப்படியானால் 100 நாள் உழைப்பு! மூன்று மாசத்துக்கு மேல் ஒரு குடும்பம் சாப்பிடுகிற சோறு. அது அற்பமா?

பாருங்கள், நமக்கு ஒருவர் செய்த தீங்கு தீங்கேயில்லை என்று இயேசு சொல்லவில்லை. ஓரகத்தி கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போன நெக்லஸ் கல் ஒன்று இல்லாமல் திரும்பி வந்தால் மனசு வலிக்கத்தான் செய்யும். "அட, இதுல என்ன இருக்கு!" என்று வெளியே சிரித்துவிட்டு உள்ளே புழுங்குவது மன்னிப்பு ஆகாது. கடன் உண்டு, நான் அதை வசூலிக்கப் போவதில்லை என்று முடிவு செய்வதுதான் மன்னிப்பு. அந்த முடிவுக்கு எப்படி மனசு வரும் என்கிறீர்களா? அதற்குத்தான் முதல் கடன். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் தீர்க்க 2 லட்சம் வருஷம் ஆகும்! அவ்வளவும் தள்ளுபடியானவர்கள்தான் நாம்.

ஆனால் நாம் வசூலிக்கிற விதமே தனி. அவள் வந்தால் மட்டும் நமக்குத் தலைவலி வரும். காபி டம்ளரை நங்கென்று வைப்போம். "எனக்கு மனசுல ஒண்ணுமில்லேப்பா" என்று சொல்லிக்கொண்டே, அவர்கள் வீட்டு ஞானஸ்நான விருந்தில் கை நனைக்காமல் வருவோம். ஒன்றுமறியாத குழந்தையிடம், "உன் சித்தி இருக்காளே..." என்று ஆரம்பிப்போம். அசலைத் தள்ளிவிட்டதாகச் சபையில் சாட்சி சொல்லிவிட்டு, வட்டியை மட்டும் மாசா மாசம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்! யாரிடம் முகம் கொடுத்துப் பேசக்கூடாது என்பதை ஆறு வயசுக் குழந்தை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

இங்கேதான் தாழ்மை வேண்டியிருக்கிறது. தாழ்மை என்றதும் குனிந்து நிற்பது என்று நினைக்க வேண்டாம். குனிந்து பெருக்குவதும் மெழுகுவதும் நமக்குப் புதிதா என்ன? பெரிய வியாழனன்று கோவிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறதல்லவா? கத்தோலிக்க சபையின் விதிப்படி நெடுங்காலம் அது ஆண்களின் பாதங்களுக்கு மட்டும்தான். பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2016-ல்தான் போப் பிரான்சிஸ் விதியை மாற்றினார். (வருஷம் முழுக்கப் பாத்திரம் கழுவுகிறவளுக்கு ஒரு நாள் பாதம் கழுவினால் குடி மூழ்கிவிடாது!) அந்த முதல் பாதம் கழுவுதலில் எனக்குப் பிடித்த இடம், பேதுரு வேண்டாமென்று மறுக்கிற இடம். தனக்காக ஒருவர் தாழ இறங்குவது அவருக்குத் தாங்கவில்லை. நம் கதையும் அதுதான். உயரத்தில் நின்றுகொண்டு மன்னிக்கச் சொன்னால் மன்னித்துவிடுவோம். அதே ஓரகத்தி ஒரு நாள் நம்மெதிரே இறங்கி வந்து, "அக்கா, தப்பு என்மேலதான்" என்று சொல்லட்டும். "இப்பவாவது தெரிஞ்சுதே!" என்ற வார்த்தை நம் நுனிநாக்கில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, "சரி, உட்காரு, சாப்பிடலாம்" என்று சொல்வதற்குத்தான் தாழ்மை தேவை.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைப் பற்றி அழுகிற பெண்ணிடம், "மன்னிச்சுப் பொறுத்துக்கோம்மா, இதுதான் உன் சிலுவை" என்று புத்தி சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. நான் இதை ஒப்ப மாட்டேன். மன்னிப்பது வேறு, அடிக்கு முதுகைக் கொடுப்பது வேறு.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். ஒடிஸாவில் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்குப் பல வருஷம் பணி செய்த அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும், பிலிப், திமொத்தி என்ற இரண்டு பிள்ளைகளையும், 1999 ஜனவரியில் ஒரு நள்ளிரவில், வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தபோதே ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. பிள்ளைகளுக்கு வயது 10, 6. அந்தத் தாய், செய்தவர்களை மன்னித்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். மகளோடு அங்கேயே தங்கி, 2004 வரை நோயாளிகளைக் கவனித்தார். நெக்லஸ் கல்லை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே நாக்கூசுகிறது. ஆனால் அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. மன்னிப்பு அவருடைய மனசிலிருந்து வந்தது. தண்டனையைச் சட்டம் பார்த்துக்கொண்டது.

ஆகவே அடிபடுகிற சகோதரி யாராவது இதைப் படித்தால், முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். மன்னிப்பதை நிதானமாக, பத்திரமாக உட்கார்ந்துகொண்டு யோசிக்கலாம். அவசரமில்லை.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை. போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் போகாத வீடு ஒன்று இருக்குமே, அந்த வீட்டுக்குப் பண்டிகை வரும்வரை காத்திராமல் இந்த வாரமே ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பழைய பேச்சை எடுக்க வேண்டாம். அவள் போட்டுத் தருகிற காபியைக் குடித்துவிட்டு வாருங்கள். சர்க்கரை குறைவாக இருந்தால், வீட்டுக்கு வந்து அதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம்!